‘பேட்டில் ராயல்’ திரையிட்ட பிறகு வாசகசாலையில் இரண்டு கட்சி: படத்தில் கோளாறா, பார்த்த எங்களிடமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பகுதியில் எங்கள் வாசகசாலை இருக்கிறது. அதன் திரைப்படக் குழு உறுப்பினர்களுக்காக மாதம் ஒரு படம் போடுவது வழக்கம். சென்ற முறை, இளைஞர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த, கிஞ்ஜி ஃபுகாசாகு இயக்கி 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘பேட்டில் ராயல்’ படத்தைப் போட்டோம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். பொருளாதாரம் சரிந்து, வேலையற்றோர் பெருகி, எட்டு லட்சம் மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்துவிட்ட ஒரு கற்பனை ஜப்பானில், பிள்ளைகளைக் கண்டு பயந்துபோன பெரியவர்கள் ஒரு சட்டம் கொண்டுவருகிறார்கள். அதன்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வகுப்பின் மாணவர்கள், சுற்றுலா என்று நம்பி ஏறிய பேருந்திலேயே மயக்கமடையச் செய்யப்பட்டு, ஆளில்லாத தீவு ஒன்றுக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். கழுத்தில் வெடிக்கும் பட்டை. கையில் ஒரு பை. பைக்குள் அவரவர் அதிர்ஷ்டத்துக்கு ஏற்ற ஆயுதம். மூன்று நாளுக்குள் ஒருவர் மட்டும் எஞ்ச வேண்டும், இல்லையென்றால் மிஞ்சியிருக்கும் எல்லோருடைய பட்டையும் வெடித்துவிடும். ஒருவனுக்கு இயந்திரத் துப்பாக்கி கிடைக்க, கதாநாயகனுக்குக் கிடைப்பது சமையல் பாத்திரத்தின் மூடி.

படம் முடிந்து விளக்கைப் போட்டவுடன் தொடங்கிய வாக்குவாதம், பொறுப்பாளர் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்த பிறகும் ஓயவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர், பிள்ளைகளைப் பிள்ளைகளே வெட்டிச் சாய்ப்பதை இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு அதற்குத் தத்துவமும் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். ஒருவர், இனி இந்தக் குழு தேர்வு செய்யும் படத்தை நிர்வாகக் குழு முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். கல்லூரி மாணவர்களோ, தங்களை இவ்வளவு நேர்மையாகப் பார்த்த படம் வேறில்லை என்றார்கள். சில இடங்களில் அவர்கள் சிரித்தது பெரியவர்களுக்கு மேலும் எரிச்சலை மூட்டியது.

இரண்டு தரப்பிலும் சேராத ஒரு குரலையும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள், பேரனை அழைத்துப் போக வந்தவர், பின்வரிசையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். “அத்தனை பிள்ளைகள் காணாமல் போயும், ஒரு தாய் தகப்பன்கூடத் தேடி வரவில்லையே, அந்த நாட்டில் மனுசர்களே இல்லையா?” என்று அவர் கேட்டார். அதற்கு மட்டும் எந்தத் தரப்பிடமும் பதில் இல்லை.

(இன்னொரு விவரம். படம் மலையாள வசன வரிகளோடு ஓடியது. தமிழ்வழியில் படித்த மூத்த உறுப்பினர்கள் பலருக்கு மலையாளம் காதுக்குப் பழக்கமே தவிர, திரையில் ஓடும் வேகத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க வராது.)

என் கேள்விகள் இவைதாம். ஒரே படம் ஒரே கூடத்தில் இப்படி நேர் எதிரான இரண்டு அனுபவங்களைத் தருவதற்குப் படத்தின் கட்டமைப்பில் காரணம் உண்டா, அல்லது இது வயது வேறுபாடு மட்டும்தானா? விடுமுறையில் பிளஸ் டூ மாணவர்களுக்காக இதை மறுபடி போட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: சித்தூர் மாஷ் (ஓய்வு)

தம்பி, நான் உங்கள் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் பாதியில் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால் படத்தின் கோபம் எங்கே குறிவைக்கிறது என்பது புலப்படும்.

தீவில் விழும் முதல் இரண்டு உயிர்களையும் எடுப்பது மாணவர்கள் அல்லர். விதிகளை விளக்கும் காணொலி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுத்த ஒரு பெண்ணின் நெற்றியில், அவர்களுடைய பழைய ஆசிரியரே கத்தியை வீசிச் செருகுகிறார். அடுத்து, தன்னை முன்பு கத்தியால் குத்திய ஒரு பையனின் கழுத்துப் பட்டையை அவரே வெடிக்க வைக்கிறார். அந்தக் காணொலியில் தோன்றும் இளம்பெண், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துபவரைப் போலத் துள்ளிக் குதித்துக்கொண்டு கொலை விதிகளைச் சொல்கிறார். உங்கள் கூடத்தில் இளைஞர்கள் சிரித்தது அந்த இடமாக இருந்தால் அவர்கள் படத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். வகுப்பறையில் முப்பது ஆண்டுக்கு மேல் நின்றவன் என்ற முறையில், மலர்ந்த முகத்தோடு பிள்ளைகளை மிரட்டும் அந்தக் குரலை நான் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இயக்குநரின் வாழ்க்கையை அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபுகாசாகு 1930-இல் மிட்டோ நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பதினைந்து வயதில், வகுப்புத் தோழர்களோடு ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்த்தப்பட்டார். அங்கே குண்டு விழுந்தபோது பிள்ளைகள் ஒருவர் உடலுக்கு அடியில் இன்னொருவர் புகுந்து உயிர் தப்பப் பார்த்தார்கள்; பிறகு இறந்த தோழர்களின் உடல்களை அப்புறப்படுத்தும் வேலையும் உயிரோடிருந்த பிள்ளைகளின் தலையிலேயே விழுந்தது. பெரியவர்கள் போரைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய் என்று அப்போது உணர்ந்ததாகவும், பெரியவர்கள் மீதான அந்த வெறுப்பு நெடுங்காலம் தணியவில்லை என்றும் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். எழுபது வயதில், தன் மகன் கென்டா எழுதிய திரைக்கதையைக் கொண்டு, அந்தப் பதினைந்து வயதுக் கோபத்தைத்தான் அவர் படமாக்கினார். இரண்டாம் பாகத்தின் வேலை நடந்துகொண்டிருந்த 2003 ஜனவரியில் அவர் காலமாக, அதை மகனே முடித்தார்.

படம் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1997-இல் கோபே நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் செய்த கொலைகள் ஜப்பானை உலுக்கியிருந்தன. 2000 மே மாதத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பேருந்தைக் கடத்தினான். இந்தப் பின்னணியில் அதே 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் சிறார் சட்டம் திருத்தப்பட்டு, குற்றவியல் தண்டனைக்கு உரிய வயது பதினாறிலிருந்து பதினான்காகக் குறைக்கப்பட்டது. நாடாளுமன்றத்திலேயே இந்தப் படத்துக்கு எதிராகக் குரல் எழுந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் பார்க்கக் கூடாது என்ற தடையோடு வெளியான போதிலும் படம் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. ‘பிள்ளைகளைக் கண்டு பயந்த பெரியவர்கள் சட்டம் போடுகிறார்கள்’ என்று தொடங்கும் கதையைப் பார்த்து, உண்மையிலேயே பயந்த பெரியவர்கள் சட்டம் பேசினார்கள் என்றால், ஃபுகாசாகுவுக்கு அதைவிட வேறென்ன விளம்பரம் வேண்டும்!

நம் ஊர்க்காரர்களால் கொடூரத்தைத் தாங்க முடியாது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தென்கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013-இல் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு வந்தபோது, அவருடைய குரூரமான படங்களைக் கொண்டாடியவர்களில் தலை நரைத்தவர்களும் இருந்தார்கள். அங்கே திரையில் துன்புற்றவர்கள் வளர்ந்த மனிதர்கள். இங்கே பள்ளிச் சீருடை அணிந்திருக்கிறார்கள். அவர்களை அங்கே அனுப்பியது நம் வயதுக்காரர்கள். சங்கடம் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம்.

பதில்: புத்தூர் நெசவுக்காரி

மாஷ் ஐயாவின் விளக்கத்தை மரியாதையோடு வாசித்தேன். ஆந்திரத்தின் புத்தூரில் தமிழ் பேசும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பார்ப்பவளும்கூட. அப்படியிருந்தும் இந்தப் படத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இயக்குநரின் இளமைக்கால வேதனை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பார்வையாளர் முன்னால் நிற்பது அவருடைய வாழ்க்கை வரலாறு அன்று. அவர் தேர்ந்தெடுத்த காட்சிகள்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் திரையில் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். இறந்தவரின் பெயரும் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்ற எண்ணிக்கையும் எழுத்தில் தோன்றுகின்றன. முதல் சில முறை அது நெஞ்சை அடைக்கிறது. பத்தாவது முறையில் நான் என்னையறியாமல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கிரிக்கெட் ஆட்டத்தில் விக்கெட் விழுவதைப் பார்ப்பதுபோல் அடுத்தது யார் என்று காத்திருக்கும் மனநிலைக்குப் படம் என்னைத் தள்ளிவிட்டது. இதைத்தான் படம் விமர்சிக்கிறது என்று சொல்வீர்கள். விமர்சிக்கிறது, சரி, கூடவே அந்தச் சுகத்தையும் குறைவில்லாமல் பரிமாறுகிறது.

குன்றின்மேல் ஒலிபெருக்கியோடு நின்று, யாரும் யாரையும் கொல்ல வேண்டாம், எல்லோரும் இங்கே வாருங்கள் என்று அழைக்கும் இரண்டு பெண்களின் காட்சி நினைவிருக்கிறதா? அவர்களைச் சுட்டு வீழ்த்தும் கிரியாமா, குற்றுயிராகக் கிடப்பவளின் வாயருகே அதே ஒலிபெருக்கியை வைத்து, அவளுடைய முனகல் தீவு முழுக்கக் கேட்கும்படி செய்கிறான். அதற்கு மேல் கொடூரமான ஒன்றைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் அவன் யார்? இந்தப் படத்துக்கு மூலமான தகாமியின் நாவலில் அவனுக்கு ஒரு கடந்த காலம் உண்டு. படத்திலோ அவன் விளையாட்டுக்காகத் தானே வந்து சேர்ந்தவன், பேச்சே கிடையாது, முடி கலைந்த ஓர் அழகான வெறுமை. பெரியவர்கள்தாம் குற்றவாளிகள் என்பது படத்தின் வாதமானால், மிகக் கூடுதலான உயிர்களைக் குடிக்கும் பாத்திரத்தை எந்தப் பெரியவரோடும் தொடர்பில்லாத, பிறவிக் கொலைகாரனாக ஏன் படைத்திருக்கிறார்கள்? கதையை ஓட்டுவதற்கு ஒரு வேட்டை நாய் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ரயில் ஏறினால் அடுத்த பெரிய நிலையம் ரேணிகுண்டா. அந்தப் பெயரிலேயே 2009-இல் பன்னீர்செல்வம் இயக்கத்தில் ஒரு தமிழ்ப் படம் வந்தது. பெற்றோரைப் பறிகொடுத்த பையன் ஒருவன் சிறையில் வேறு சில பையன்களோடு சேர்ந்து, அங்கிருந்து தப்பி ரயிலேறி ரேணிகுண்டாவில் வந்து இறங்கி, கூலிக்குக் கொலை செய்பவர்களாக அவர்கள் மாறுகிற கதை. அதிலும் ரத்தம் உண்டு, அதையும் தலையில் வைத்துக் கொண்டாடுவோரும் முகம் சுளிப்போரும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன்களுக்குப் பசிக்கிறது, கையில் காசில்லை, காதல் வருகிறது. அடுத்த வேளை எங்கே என்ற கவலையோடு அவர்கள் கத்தியை எடுக்கும்போது எனக்கு அவர்களைப் புரிகிறது. ஜப்பானியப் படத்தில் பலர் பெயர்ப் பலகையோடு வந்து, பெயர்ப் பலகையோடே சாகிறார்கள்.

கேள்வி கேட்ட சகோதரருக்கு ஒன்று. அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருக்கும் விவரத்தில் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூத்தவர்களுக்கு வசன வரிகள் ஓடிப்போயின. அவர்களிடம் மிஞ்சியது கத்தியும் ரத்தமும் அலறலும். இளைஞர்களுக்கு அதே நேரத்தில் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பத் துடிப்பதும், நம்ப முடியாமல் போவதும், யார் யாரை வெகுநாளாக விரும்பினார்கள் என்பதும் கிடைத்தன. ஒரு கூடத்தில் இரண்டு படங்கள் ஓடியிருக்கின்றன. (வசனம் இல்லாமல் பார்த்தால் அருவருப்பு மட்டுமே மிஞ்சும் படம் நல்ல படமா என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதிலை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.)

பதில்: வேலந்தாவளம் 19

நான் அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் ஒருவன், சிரித்தவர்களிலும் ஒருவன். மாஷ் சொன்ன அந்தக் காணொலிக் காட்சியில்தான் சிரித்தோம். நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையத்தில் எங்களுக்கு முதல் நாள் போட்டுக் காட்டிய ஊக்கமூட்டும் காணொலியும் ஏறக்குறைய அதே தொனியில்தான் இருந்தது.

புத்தூர் அக்காவின் கருத்தில் ஒரு பகுதியை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எல்லோரும் பெயர்ப் பலகையோடு சாகிறார்கள் என்பது கலங்கரை விளக்கக் காட்சிக்குப் பொருந்தாது. ஐந்தாறு தோழியர் சேர்ந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, சமைத்துச் சாப்பிட்டுப் பிழைத்துவிடலாம் என்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, காயப்பட்டு அங்கே படுத்திருக்கும் கதாநாயகனைக் கண்டு அஞ்சி, அவனுக்கான உணவில் விஷம் கலக்கிறாள். தட்டு மாறி வேறொருத்தி அதைச் சாப்பிட்டு விழுகிறாள். அடுத்த நிமிடம், யார் கலந்தது என்ற சந்தேகத்தில், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அதே மேசையைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் சுட்டுத் தீர்க்கிறார்கள். அங்கே வில்லன் யாரும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் பயந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர் ஒன்றாகப் படித்தோம். முதல் மாதிரித் தேர்வின் தரவரிசை வந்த பிறகு ஒருவன் தன் குறிப்பேட்டை மூடி வைத்துக்கொள்ளத் தொடங்கினான். அவன் கெட்டவன் அல்லன். இன்றும் எனக்கு நண்பன்தான். அந்தக் காட்சி ஓடியபோது எனக்கு அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்லத்தான் அன்று முயன்றோம். அதற்குள் சத்தம் பெருகிவிட்டது.

பதில்: தேவிகுளம் வழக்கறிஞர்

கலை விவாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, பிளஸ் டூ மாணவர்களுக்குப் போடலாமா என்ற இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திரையிடும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7, 13, 16 என்று மூன்று வயது நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ சான்றிதழ் பெற்ற படத்தைப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் காட்டக் கூடாது. உறுப்பினர்களான வயதுவந்தவர்களுக்குள் நடத்திக்கொள்ளும் குழுக் காட்சியையும், பதினேழு வயது மாணவர்களை வெளியிலிருந்து அழைத்து வந்து உட்கார வைக்கும் காட்சியையும் யாரும் ஒன்றாகக் கருத மாட்டார்கள். ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் போதும், பதில் சொல்ல வேண்டியவர் சாவிக்கொத்து வைத்திருக்கும் பொறுப்பாளர்தான்.

காலமும் சாதகமாக இல்லை. 2025-இன் தொடக்கத்தில் கேரளத்தில் இளையோர் வன்முறையும் போதைப் பழக்கமும் சட்டமன்றம் வரை பேசப்பட்டன. அந்தச் சூட்டிலேயே ‘மார்கோ’ மலையாளப் படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. படங்கள்தாம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்பவன் அல்லன். நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகளின் வழக்குகளில் வீடு, குடி, கடன், பள்ளியை இடையில் விட்ட கதை ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. சினிமா அரிதாகவே வருகிறது. இருந்தாலும், அமைதியாக விவாதிக்கும் சூழல் இப்போது இல்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாஷ் ஜப்பானின் சட்டத் திருத்தத்தைக் குறிப்பிட்டார். நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், சிறார் நீதி வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்து, அவரை வயதுவந்தவராகக் கருதி விசாரிக்க அனுப்பலாம். எனவே அந்தத் தீவு நமக்கு வெகு தூரத்தில் இல்லை. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னோட்டமாக இந்தப் படத்தைப் பெற்றோருக்குத் திரையிடுவதாக இருந்தால் நானே மலையிறங்கி வரத் தயார். மாணவர்களுக்கு இப்போது வேண்டாம்.

பதில்: சித்தூர் மாஷ் (ஓய்வு)

கிரியாமாவைப் பற்றி அம்மா சொன்னதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. அந்தப் பாத்திரம் படத்தின் பலவீனம்தான். எண்ணிக்கையைப் பற்றி மட்டும் ஒரு சொல். பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டிருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். ஒவ்வொரு முறையும் பெயரையும் போடுகிறார்களே! பள்ளி வருகைப் பதிவேட்டில் ஆண்டு முழுவதும் பெயர் அழைத்த எனக்கு அது விக்கெட்டாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்வரிசை அம்மாளின் கேள்வியை யாரும் தொடவில்லை. பெற்றோர் அந்தத் தீவின் பக்கமே வருவதில்லை என்பது கதையில் உள்ள ஓட்டை என்று முன்பு நினைத்தேன். கதாநாயகனின் தந்தை தற்கொலை செய்துகொண்டவர். அந்த ஆசிரியருக்கோ தொலைபேசியில் பேசும் சொந்த மகளிடமே மதிப்பில்லை. வீடுகள் எல்லாம் ஏற்கெனவே காலியாகிவிட்ட பிறகுதான் அந்தச் சட்டம் வருகிறது. தேடி வர ஆள் இருந்திருந்தால் அந்தச் சட்டம் ஒரு வகுப்பைக்கூடத் தொட்டிருக்க முடியாது. அந்த அம்மாள் எல்லோரையும்விடப் படத்தை நெருங்கிப் பார்த்திருக்கிறார், அதுவும் வசன வரிகள் இல்லாமல். ஆகையால், புத்தூர் அம்மா, வசனம் இல்லாமல் பார்த்தால் அருவருப்பு மட்டுமே மிஞ்சும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது போலிருக்கிறது.

பதில்: புத்தூர் நெசவுக்காரி

அந்த ஓர் இடத்தில் ஐயாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த அம்மாளின் கேள்வி படத்துக்கான பாராட்டா, குற்றச்சாட்டா என்பதை அவரிடமே கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘அந்த நாட்டில் மனுசர்களே இல்லையா’ என்று அவர் கேட்டது, இப்படி ஒரு கதையை நம்ப முடியவில்லை என்ற பொருளிலும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை வாசகன்

எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மாளிடம் கேட்டேன். கதையை நம்பியதாகவும், நம்பியதால்தான் கோபம் வந்ததாகவும், மறுபடி போட்டால் வரமாட்டேன் என்றும் சொன்னார். இதை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கறிஞர் ஐயா சொன்னபடி மாணவர் காட்சியை விட்டுவிட்டோம். இளைஞர்களும் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகப் பெற்றோருக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும் ஒரு காட்சி வைத்து, இந்த முறை தமிழ் வசன வரிகளைச் சேர்ப்பதாகத் திட்டம். வேலந்தாவளம் தம்பியும் அவன் தோழர்களும் வரிகளை எழுத முன்வந்திருக்கிறார்கள். முதலில் கலங்கரை விளக்கக் காட்சியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதி முடித்ததை மாஷ் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும். முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்த உறுப்பினரையும் அந்தத் திருத்தும் வேலைக்கு அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் ஒலிபெருக்கிக் காட்சி வரும்போது வெளியே போய் நிற்பாராம்.